ஊருக்கு எல்லைக்கல் நடப்போவது யார்?

(ஆம்பூரில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



நோட்டீஸில் தலைப்பைப் பார்த்துவிட்டுச் சிலர் என்னிடம் வந்து கேட்டார்கள். "ஹஜ்ரத்! 'நகர வளர்ச்சி எல்லை' என்று போட்டிருக்கிறீர்களே! இது கலெக்டர் ஆபீஸில் பேச வேண்டிய விஷயமல்லவா? மதரஸாவில் ஓதிய உங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?"

நியாயமான கேள்விதான். சம்பந்தம் இருக்கிறது. வெட்கத்தோடு சொல்கிறேன், கேளுங்கள்.

2009-ஆம் ஆண்டு நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு மனைப் பிரிவின் திறப்பு விழாவுக்கு என்னை அழைத்தார்கள். போனேன். வெள்ளையடித்த கற்கள், நடுவில் செம்மண் ரோடு, கலர் கலராகக் கொடிகள், பந்தலில் பிரியாணி. என்னை நாற்காலியில் உட்கார வைத்து சால்வை போட்டார்கள். நானும் துஆ செய்துவிட்டு வந்தேன். அந்த இடத்தின் சர்வே எண் என்ன? ஏரிக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்? அனுமதி யார் கொடுத்தது? ஒன்றையும் நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் வந்த நோட்டீஸில் என் போட்டோ இருந்தது! அந்தப் போட்டோவைப் பார்த்து மாதத் தவணையில் மனை வாங்கியவர்கள் இன்று இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

இப்போது அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். இருபது முப்பது வீடுகள், அவற்றுக்கு நடுநடுவே முள்செடி. சாக்கடை கிடையாது. போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர். குடிக்க கேன் தண்ணீர், குளிக்க லாரித் தண்ணீர். பெண் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்ப ஆட்டோவுக்கு மாதா மாதம் தனிச் செலவு. மையித் ஆகிவிட்டால் கபரஸ்தானுக்கு ஒன்பது கிலோமீட்டர். தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்த ஜனாஸா இன்று வேனில் போகிறது.

ஊர் பெரிதாகிவிட்டது என்று நாம் பெருமை பேசுகிறோம். ஊர் பெரிதாகவில்லை சகோதரர்களே, சிதறியிருக்கிறது.

உப்பு விளைந்த நிலத்தில் மனைக்கல்

இந்தச் சிதறல் எப்படி வந்தது? ஜனத்தொகை கூடியது, வந்தது என்பார்கள். உண்மைதான். 2011 கணக்கெடுப்பில் ஆம்பூர் நகராட்சிக்குள் மட்டும் 1,14,608 பேர். ஒரு பக்கம் ஜவ்வாது மலை, மறுபக்கம் ஆந்திர எல்லை மலைகள், நடுவில் பாலாறு, ரயில் பாதை, நெடுஞ்சாலை. இந்த இடுக்கில் மக்கள் எங்கே போவார்கள்? ரோட்டோடு ரோடாக நீள்கிறார்கள்.

ஆனால் இதில் நாம் வாய் திறந்து சொல்லாத இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைச் சொன்னால் என் மீது கோபப்படும் பெரியவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கோபப்படட்டும்.

1989-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி தமிழக அரசு 213-ஆம் எண் அரசாணையைப் போட்டது. ஆறு, ஓடை, அணை போன்ற நீர்நிலைகளின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தண்ணீரைக் கடுமையாக அசுத்தப்படுத்தும் எந்தத் தொழிலும் புதிதாக வரக்கூடாது என்பது உத்தரவு. தோல் பதனிடும் தொழிலும் அதில் அடக்கம். நம் பகுதியில் கோடு போட்டு 'இதற்கு மேல் வராதே' என்று சொன்ன உத்தரவு அது. ஆனால் போட்டது எப்போது? ஆற்றங்கரை முழுக்க டேனரிகள் எழும்பி, நம் பாட்டனார் காலத்து சுண்ணாம்புத் தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே குரோம் டிரம்களும் சுழல ஆரம்பித்த பிறகு! வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த பிறகு வாசலில் மண் மூட்டை அடுக்கிய கதை.

1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இன்று இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிற தீர்ப்பு அது. நம் ஊர்ப் பெயரை உலகம் படிப்பது இப்படி ஒரு காரணத்துக்காகவா! தோல் தொழில் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனது என்ற ஆய்வை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்றது. ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டது. அந்தப் பழைய ஒரு கிலோமீட்டர் அரசாணையையும் நடைமுறைப்படுத்தச் சொன்னது. வழக்கு அத்தோடு முடிந்ததா? இல்லை. 2025 ஜனவரி 30-ஆம் தேதி மீண்டும் ஒரு தீர்ப்பு. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு விடுபட்ட நஷ்ட ஈட்டைக் கொடுங்கள், ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துச் சுத்தப்படுத்தும் வேலையைக் கவனியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இடையில் ஓடிப்போனது 28 வருஷம்.

இந்த வழக்குக்கும் மனைக்கல்லுக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? கிணறு உப்பாகிப் போன விவசாயி என்ன செய்வார்? தென்னை காய்ந்துவிட்டது. நெல் வராது. இரண்டு வருஷம் பொறுப்பார், மூன்றாவது வருஷம் புரோக்கர் வருவார். பாட்டன் வைத்த நிலம் வந்த விலைக்குப் போகும். ஏக்கர் கணக்கில் வாங்கி சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். வாங்குபவர் யார்? ஷூ கம்பெனி சூப்பர்வைசர், மண்டியில் கணக்கு எழுதுபவர், சவூதியில் வண்டி ஓட்டுகிற நம் பையன். நம் தொழிற்சாலை கெடுத்த தண்ணீரை நம் தொழிலாளியே காசு கொடுத்து வாங்கி அதன் மேல் வீடு கட்டுகிறான்! எல்லா மனைப் பிரிவும் இப்படி வந்ததென்று நான் சொல்லவில்லை. நான் போய்ப் பார்த்தவற்றில் பல இப்படித்தான் வந்தன.

சுத்திகரிப்பு நிலையங்கள் வந்ததையும், கோடிக்கணக்கில் செலவழித்து நிலைமையைச் சீர்செய்ய முயன்றவர்கள் நம் வணிகர்களில் இருப்பதையும் நான் மறைக்கவில்லை. பல்லாயிரம் குடும்பங்களுக்கு, மதம் பாராமல், அடுப்பெரிவது இந்தத் தொழிலால்தான். அதனால்தான் சொல்கிறேன். முதல் கோட்டை நாமே முன்கூட்டிப் போட்டிருந்தால் நீதிமன்றம் போட்டிருக்க வேண்டியதில்லை. இரண்டாவது கோடு இப்போது வரப்போகிறது. அது ஊருக்கான கோடு.

கம்ப்யூட்டர் போடும் கோடு

நகர வளர்ச்சி எல்லை என்றால் என்ன? இவ்வளவு தூரம் வரை வீடு, கடை, தொழிற்சாலை. அதற்கு அப்பால் வயல், ஏரி, காடு, மேய்ச்சல் என்று ஊரைச் சுற்றி முன்கூட்டியே ஒரு கோடு போடுவது. தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் பஸ்ஸும் கோட்டுக்குள்ளே தரப்படும். வெளியே மனை போட அனுமதி கிடையாது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் 1973-ல் இதற்குச் சட்டமே போட்டார்கள். போர்ட்லாண்ட் நகரத்துக்கு 1979-ல் கோடு போட்டார்கள். அடுத்த 20 வருஷத்துக்கு வேண்டிய இடம் உள்ளே இருக்கிறதா என்று ஆறு வருஷத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்க்க வேண்டும், போதாவிட்டால் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தலாம் என்பது அங்கே ஏற்பாடு. தென்கொரியாவின் சியோல் நகரத்தைச் சுற்றி 1971-ல் பச்சை வளையம் போட்டார்கள்.

கோடு எங்கே போடுவது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்கிற தம்பிகளுக்கு இது சட்டென்று விளங்கும். ஒரு தோல் கைக்கு வந்ததும் எடுத்தவுடனே வெட்டுவீர்களா? விரித்துப் போட்டு, எங்கே ஓட்டை, எங்கே வெட்டுக்காயம், எங்கே மெல்லிசு என்று பார்த்து அடையாளம் வைப்பீர்கள். பிறகுதான் டையை இடம் பார்த்து வைப்பீர்கள். தோலின் ஓரத்தைத் தாண்டி டை வைக்க முடியாது. நடுவில் கண்டபடி வெட்டிவிட்டு 'இடம் போதவில்லை, இன்னொரு தோல் கொடு' என்றால் முதலாளி விடுவாரா?

ஊரையும் இப்படித்தான் விரிக்கிறார்கள். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படம் எடுத்து வருகின்றன. 2008-லிருந்து அந்தப் படங்கள் யாருக்கும் இலவசம். அதில் ஒரு கட்டம் என்பது 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நம் கணக்கில் 1,200 சதுர அடி மனை எட்டு அதற்குள் அடங்கும். ஆம்பூரை இப்படிக் கட்டம் கட்டமாகப் பிரித்து, 1990-ல் எந்தக் கட்டம் வயல், 2000-ல் எது வீடானது, 2010-ல் எது என்று கம்ப்யூட்டருக்குக் கொடுப்பார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் அது கேள்வி கேட்கும். உன் பக்கத்துக் கட்டத்தில் வீடு வந்துவிட்டதா? ரோடு எவ்வளவு தூரம்? தரை சரிவா, சமமா? பக்கத்தில் எட்டு வீடு வந்தால் நீயும் வீடாகிவிடுவாயா? பழைய படங்களை வைத்து அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு, 2020-ஐச் சரியாகச் சொல்கிறதா என்று சோதித்துவிட்டு, 2040-ல் ஊர் எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டும். 1990-களில் கலிபோர்னியாவில் கீத் கிளார்க் என்ற பேராசிரியர் உருவாக்கிய 'ஸ்லூத்' என்ற மாதிரி இந்த வகையில் பெயர் பெற்றது. சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் தொடங்கி உலகின் பல நகரங்களுக்கு அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வாலிபர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் வரைபடங்களில் ஒன்றுக்கு 'விலக்கு' என்று பெயர். எந்தெந்தக் கட்டத்தில் வீடு வரவே கூடாது என்ற பட்டியல் அது. ஏரி, ஆற்றுப் படுகை, காடு, கபரஸ்தான், சுடுகாடு. அந்தப் பட்டியலில் ஓர் ஏரி விடுபட்டால் கம்ப்யூட்டர் கூசாமல் அதில் வீடு கட்டும்! தண்ணீர் இல்லாத ஏரி அதன் கண்ணுக்குச் சமமான, காலியான, ரோட்டோரத்து அருமையான மனை. நம் ரியல் எஸ்டேட்காரர்களின் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிகிறது. பட்டியலைத் தருவது மனிதன்தான். எந்த மனிதன்? நகரமைப்பு அலுவலகத்தில் ஒருவர், கன்சல்டன்ட் கம்பெனியில் ஒருவர். அவருக்கு நம் ஊர் மதகு தெரியுமா? மழைக்காலத்தில் எந்தத் தெரு வழியாகத் தண்ணீர் இறங்கும் என்று தெரியுமா?

பாலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்கில் மணல்வெளியாகக் கிடந்ததால் அதை ஆறு என்றே நாம் மறந்தோம். 1903 நவம்பரில் இதே ஆறு வாணியம்பாடியை அடித்துப் போட்டதைப் பெரியவர்கள் கதையாகச் சொல்வார்கள். 2021 நவம்பரில் கரை புரண்டு வந்தபோது வேலூர், ராணிப்பேட்டை வரை மக்கள் திகைத்து நின்றார்கள். ஆறு தன் இடத்தைத்தான் கேட்டு வந்தது. இடையில் போய் நின்றது நாம். சென்னையில் 2015-ல் நடந்ததும் வேறல்ல. அங்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பிறகு, மிச்சம் இருப்பதற்கு 2022-ல் சர்வதேச அந்தஸ்து கிடைத்தது.

இன்னொன்றும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பணம் இருந்தால் ஒரு மனிதன் எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் வீடு வாங்கலாம், வாடகைக்குப் போகலாம் என்று அது நினைக்கிறது. உங்களுக்கும் எனக்கும் தெரியாதா? பெயரைக் கேட்டதும் 'வீடு வேறொருவருக்குச் சொல்லிவிட்டோம்' என்கிற தெருக்கள் எத்தனை! தலித் சகோதரர்களுக்கும் இதே பதில்தான் கிடைக்கிறது. வாடகைக்கும் இடம் கிடைக்காமல், மஹல்லாவுக்குள் ஒரே வீட்டை மூன்று அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டு இருக்கவும் முடியாமல் தவிக்கிறவன்தான் நெடுஞ்சாலை மனைக்கு முதல் ஆளாக ஓடுகிறான். அவனைப் பேராசைக்காரன் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

எல்லையை நீட்டுவது எல்லை ஆகாது

நம் நாட்டில் கோடு போடவே இல்லையா? போட்டார்கள். ஆனால் நாம் போடுவது வேறு கோடு. வேலூர் 2008-ல் மாநகராட்சி ஆனது. சத்துவாச்சாரி, தாராபடவேடு, தொரப்பாடி, அல்லாபுரம் எல்லாம் சேர்ந்து இன்று 60 வார்டு, ஏறக்குறைய 88 சதுர கிலோமீட்டர். சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2018-ல் அதை 8,878 ஆக்கப் போவதாக அறிவித்தார்கள். அன்றைய வேலூர் மாவட்டத்தின் அரக்கோணமும் நெமிலியும் அதில் இருந்தன. பிறகு 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டர் என்று முடிவானது. 2019-ல் மாவட்டம் பிரிந்த பின் ராணிப்பேட்டையில் சேர்ந்த அரக்கோணம் தாலுகா அதற்குள் இருக்கிறது. சென்னையின் கோடு நம் வாசல் பக்கம் வந்துவிட்டது!

இது ஊரைத் தடுக்கிற கோடு அல்ல. ஊர் ஓடிய இடத்துக்கெல்லாம் பின்னாலேயே ஓடுகிற கோடு. முதலில் மனை வரும், பிறகு வீடு வரும், பிறகு 'இங்கே ரோடு இல்லை, சாக்கடை இல்லை' என்று மறியல் வரும், கடைசியில் மாநகராட்சி எல்லை வரும். வரி உடனே வரும். சாக்கடை வருவதற்குள் பேரப்பிள்ளை பிறந்துவிடும்.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை போட்டபோது நம் ஊரில் எத்தனை நிக்காஹ் தள்ளிப்போனது என்று எனக்குத் தெரியும். தங்கை கல்யாணத்துக்கு அந்த ஒரு மனையை விற்கலாம் என்று நம்பியிருந்த தம்பி ஒருவர் என் முன்னால் உட்கார்ந்து அழுதார். 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. 20.10.2016-க்குள் பதிவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி முறைப்படுத்த வழி செய்தார்கள். ஆனால் நீர்நிலையில் இருக்கும் மனைக்கு அந்த வழியும் கிடையாது. பத்திரம் இருக்கும், பட்டா வராது. வீடு இருக்கும், விற்க முடியாது.

இந்த எல்லைக் கோட்டை நான் கண்ணை மூடிக்கொண்டு புகழவில்லை. கோடு போட்டால் உள்ளே நிலத்தின் விலை ஏறும். போர்ட்லாண்டில் அந்தப் புகார் இன்றும் ஓயவில்லை. சியோலில் பச்சை வளையத்தைத் தாண்டிக் குதித்து அப்பால் புண்டாங், இல்சான் என்று புது நகரங்களே எழும்பின. ஜனங்கள் தினமும் வளையத்தைக் கடந்து வேலைக்கு ஓடினார்கள். கோட்டுக்கு உள்ளே இடம் வைத்திருப்பவன் கொழுப்பான், வாடகைக்கு இருப்பவன் இளைப்பான். ஆகவே கோடு மட்டும் போட்டால் ஏழைக்கு அது வேலியல்ல, சுவர். உள்ளே கட்டுவதற்கு வழி செய்துவிட்டுத்தான் வெளியே தடுக்க வேண்டும்.

உள்ளே இடம் இருக்கிறதா? இருக்கிறது. மூடிக்கிடக்கும் டேனரிகளின் சுவர்களுக்குப் பின்னால் எவ்வளவு நிலம் தூங்குகிறது! மண்ணைச் சோதிக்காமல் அங்கே வீடு கட்டக்கூடாது. குரோமியம் சும்மா போகாது. ராணிப்பேட்டையில் 1995-ல் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன ஒரு லட்சம் டன்னுக்கும் மேலான கழிவை இன்னமும் பார்க்கிறோமே! ஆனால் சோதித்துச் சுத்தம் செய்து கிடங்கு, பட்டறை, வண்டி நிறுத்தம் என்று அதற்குப் பொருந்தியதைக் கொண்டு வரலாமல்லவா? அந்தக் கிடங்குகள் இன்று அடைத்துக்கொண்டிருக்கும் தெருக்கள் வீடுகளுக்கு வரும். வக்ஃபு இடங்களை அடிமாட்டு வாடகைக்கு எடுத்துத் தகரக் கொட்டகை போட்டு வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் யார் யார் என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. அவர்களுக்கே தெரியும். அந்த இடத்தில் மூன்று மாடி கட்டினால் எத்தனை விதவைகளும் ஷூ கம்பெனிப் பெண்களும் நியாயமான வாடகையில் குடியிருப்பார்கள்! முத்தவல்லிமார்கள் சட்டப்படி வாரியத்தில் அனுமதி வாங்கிச் செய்ய வேண்டிய வேலை இது.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்று ஓர் ஆலிம் நண்பர் கேட்டார். மதீனாவின் இரு பக்கத்து எரிமலைப் பாறை வெளிகளுக்கு இடைப்பட்ட பகுதியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் புனித எல்லையாக அறிவித்து, அங்கே மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. கிணற்றைச் சுற்றி இவ்வளவு தூரத்துக்கு வேறொருவர் உரிமை கொண்டாடக்கூடாது என்று ஃபிக்ஹு நூல்களில் 'ஹரீம்' என்ற தனிச் சட்டமே இருக்கிறது. நண்பர் விடவில்லை. "பனூ ஸலிமா கூட்டத்தார் ஊர் ஓரத்திலிருந்து பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் குடிவர விரும்பியபோது, மதீனாவின் ஓரம் வெறிச்சோடிப் போவதை நபியவர்கள் விரும்பவில்லையே! ஓரத்தில் குடியிருப்பதற்கு அது ஆதாரமல்லவா?" என்றார். நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். பனூ ஸலிமாவினர் பள்ளிக்கு நடந்து வந்தார்கள். அவர்களுடைய காலடிகள்தான் எழுதப்பட்டன. நடந்து வரும் தூரத்தில் இருப்பது ஊரின் ஓரம். ஆட்டோ இல்லாமல் ஐவேளையும் வர முடியாத இடம் ஓரமா, வேற்றூரா? நண்பர் சிரித்தார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை.

இப்போது செய்ய வேண்டியது

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஒரு ஊருக்கு முழுமைத் திட்டம் தயாரித்தால் அதை அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிக்க வேண்டும். ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். யாரும் எழுதலாம். வக்கீல் தேவையில்லை. கட்சிக்காரர் சிபாரிசும் தேவையில்லை. நம்மில் எத்தனை பேர் அந்த அறிவிப்பை வாழ்நாளில் ஒருமுறையாவது படித்திருக்கிறோம்? தோல் விலையையும் டாலர் விலையையும் தினமும் பார்க்கிற கண் அந்த மூலை விளம்பரத்தைப் பார்ப்பதில்லை. அப்புறம் வரைபடத்தில் நம் தெருவின் மேல் ரோடு வந்து, மையவாடி தொழிற்பகுதி என்று வந்தால் கொடி பிடித்துக்கொண்டு கிளம்புவோம்!

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஐந்து வாலிபர்கள் போதும். இஸ்ரோவின் 'புவன்' தளத்தில் ஊரின் படம் இருக்கிறது, செல்போனிலேயே பார்க்கலாம். கிராமத்தின் 'அ' பதிவேடும் புல வரைபடமும் எடுத்து வாருங்கள். ஏரி எது, கால்வாய் எது, புறம்போக்கு எது என்று பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் குறியுங்கள். ஏரித் தண்ணீர் எல்லோருக்கும் பொது. ஆகவே பக்கத்து ஊர் வன்னியர், முதலியார், தலித் சகோதரர்களையும் கூப்பிடுங்கள். கிணறு உப்பான விவசாயியையும் கூப்பிடுங்கள். அவர் வந்தால் முதலில் நம்மைத்தான் நாலு வார்த்தை கேட்பார். கேட்கட்டும். அதற்குப் பிறகு அவர் காட்டுகிற மதகு எந்தக் கம்ப்யூட்டரிலும் கிடைக்காது.

வணிகப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் ஏற்றுமதி லாபத்தை மனையில் போட்டு வைக்கிறீர்கள். வீடு கட்டுவதில்லை, விற்பதுமில்லை. முள் வளர்கிறது, விலையும் வளர்கிறது. அதற்கு அப்பால் ஏழை இன்னும் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போகிறான். ஜகாத் கணக்குப் பார்க்கும்போது அந்த இரண்டு கிலோமீட்டரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

போன மாதம் ஒரு மதரஸா ஹாலில் இப்படி வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, நீலப் பென்சிலால் நீர்நிலைகளைக் குறித்தோம். பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன் வெகுநேரம் ஒரே இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றான். நான் 2009-ல் துஆ செய்த அதே மனைப் பிரிவு. விரல் இருந்த மூலை நீலத்துக்குள் இருந்தது.

"ஹஜ்ரத், எங்க அப்பா இதுல ரெண்டாவது மனை ஒண்ணுக்குத் தவணை கட்டிக்கிட்டு இருக்காரு. இன்னும் பதினோரு மாசம் பாக்கி. கட்டச் சொல்லட்டா, வேணாம்னு சொல்லட்டா?"

நான் சொன்னேன்: "இந்த மாசத் தவணையைக் கையிலேயே வைத்திருக்கச் சொல். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு தாலுகா ஆபீஸ் வாசலுக்கு அப்பாவையும் பத்திரத்தையும் கூட்டிக்கொண்டு வா. நானும் வருகிறேன்."